சேணமும் செருப்பும்: தோல்தொழிற் கருவிகள் பற்றி ஒரு வரலாற்றுப் பார்வை

திருவனந்தபுரத்தில் குடியிருக்கும் தமிழர்களுக்குக் குதிரைமாளிகையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சுவாதித் திருநாள் மகாராஜா (ஆட்சி 1829–1846) கட்டிய புத்தன் மாளிகைக்கு அந்தப் பெயர் வந்ததே கூரை விளிம்பின் கீழ் வரிசையாக நிற்கும் 122 மரக்குதிரைகளால்தான். ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் பத்மநாபசுவாமி தரிசனம் முடித்துவிட்டு அங்கே கூட்டிப்போகிறோம். பிள்ளைகள் குதிரைகளை எண்ணுகிறார்கள். செதுக்கிய தச்சரின் கைத்திறனை எல்லாரும் மெச்சுகிறார்கள்.

குதிரை என்றால் நம் வரலாற்று நூல்களில் அரசர் வருவார், படைத்தலைவர் வருவார், குதிரை கொண்டுவந்து விற்ற வணிகரும் வருவார். அந்தக் குதிரை மேல் அரசர் உட்கார வேண்டுமானால் ஒருவர் சேணம் தைத்திருக்க வேண்டும். வயிற்றுவார், மார்புவார், கடிவாள வார் எல்லாம் அறுத்துக் கோத்திருக்க வேண்டும். அவர் யார், எந்த ஊர், என்ன கருவி வைத்திருந்தார் என்று கேட்டால் நூல்களில் பதில் கிடைப்பது அரிது. அந்தப் பதிலை வேறு எங்கே தேடலாம் என்பதே இந்தக் கட்டுரை.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம். சாலைக் கடைத்தெருவில் நாற்பது வருஷமாக இரும்புச் சாமான் வியாபாரம். ஊசி, ஆணி, பித்தளை வளையம், பக்கிள், சுத்தியல் எல்லாம் விற்பேன். தோல் விற்பதில்லை, அது எங்கள் சமண இல்லற நெறிக்கு ஆகாது. ஆனால் தோல்வேலை செய்பவர்கள் ஊசிக்கும் பக்கிளுக்கும் என்னிடம்தான் வந்தார்கள். கருவி விற்பவனுக்குக் கருவியின் பெயர் தெரியாமல் இருக்க முடியாது. அப்படிக் காதில் விழுந்த சொற்களிலிருந்துதான் இந்த ஆராய்ச்சி தொடங்கியது.

குத்துதலும் தைத்தலும்

நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் படிக்கிறார்கள். செருப்பு தைப்பவரை மலையாளத்தில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்: ‘செருப்புக்குத்தி’ என்பார்கள். தமிழில் நாம் ‘செருப்புத் தைக்கிறவர்’ என்கிறோம். ஒரே வேலையின் இரண்டு பாதிகளை இரண்டு மொழிகளும் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன.

தோல் துணியைப் போன்றதன்று. துணியில் இழைகளுக்கு இடையே ஊசி தானே புகுந்துவிடும். தோலில் முதலில் துளையைக் குத்த வேண்டும். பிறகுதான் நூல் போகும். குத்துவதற்கு ஒரு கருவி, தைப்பதற்கு ஒரு கருவி. மலையாளம் குத்தூசியின் பெயரால் தொழிலாளியை அழைக்கிறது, தமிழ் தையலூசியின் பெயரால் அழைக்கிறது. நடைபாதையில் அமர்ந்திருப்பவரைக் கவனித்தால் இரண்டும் ஒன்றான ஒரு கருவியையும் காணலாம். நுனியில் சிறு கொக்கி வெட்டிய குத்தூசி அது. மேலிருந்து குத்தி, அடியில் நூலைக் கொக்கியில் மாட்டி, அப்படியே மேலே இழுத்துவிடுவார். ஒரு கையில் ஊசி, மறு கையில் நூல், பாதங்களுக்கு நடுவே செருப்பு.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட பெரியவர் ஒருவர் 1980களில் என் கடைக்கு வருவார். இளவயதில் ஜட்கா வண்டிக் குதிரைகளுக்கு வார் தைத்தவர். ஆட்டோ ரிக்‌ஷா வந்து ஜட்கா போனபிறகு செருப்புக்கு மாறினார். ஒரு ஊசி வாங்கப் பத்து ஊசியை எடுத்துப் பார்ப்பார். நுனியை நகத்தில் வைத்து இழுப்பார். “வட்ட ஊசி வேண்டாம் மொதலாளி, பட்டை ஊசி குடுங்க. வட்டம் குத்துனா ஓட்டை ஓட்டையாவே நிக்கும். பட்டை குத்துனா தோலு மறுபடி மூடிக்கும்” என்பார்.

பிற்காலத்தில் ஐரோப்பியச் சேணத் தொழில் பற்றிய நூல்களைப் படித்தபோது அதே விஷயம் அங்கே இலக்கணமாக எழுதப்பட்டிருந்தது. சேணத் தையலுக்கான குத்தூசியின் முனை குறுக்கு வெட்டில் சாய்சதுரமாக இருக்க வேண்டும். வட்டமாக இருந்தால் தோல் நூலைப் பிடிக்காது. அங்கே அதற்குப் பாடநூலும் தொழிற்பள்ளியும் இருந்தன. இங்கே அது ஒரு பெரியவரின் நகத்தில் இருந்தது.

இலக்கியம் காட்டும் ஊசி

தமிழில் தோல்வேலைக் கருவி பற்றிய மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று புறநானூற்றின் 82ஆம் பாட்டு. பாடியவர் சாத்தந்தையார். போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத வேகத்துக்கு அவர் ஓர் உவமை தேடுகிறார். ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவ நேரம், வானத்தில் மழை, பொழுதும் சாய்கிறது. இந்த நேரத்தில் கட்டிலுக்கு வார் பிணைத்துக்கொண்டிருக்கும் ஒருவன் கையில் ஊசி எவ்வளவு விரைவாக ஓடும்! அவ்வளவு விரைவு அந்தப் போர் என்கிறார் புலவர்.

இந்தப் பாட்டை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒரு மன்னனின் வீரத்துக்கு உவமையாக நிற்கும் தகுதி அந்த ஊசிக்கு இருந்திருக்கிறது. புலவர் அருகில் நின்று பார்க்காமல் இதை எழுதியிருக்க முடியாது. ஆனால் அதே பாட்டு அந்தத் தொழிலாளியை ‘இழிசினன்’ என்ற சொல்லால்தான் குறிக்கிறது. கையின் திறமைக்குப் பாராட்டு, கைக்கு உரியவனுக்குத் தாழ்ந்த பெயர். சங்க காலத்திலேயே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

சிலப்பதிகாரம் இந்த விஷயத்தில் வேறு மாதிரி. இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தின் தொழிலாளர்கள் வரிசையாக வருகிறார்கள். கன்னார், செம்புகொட்டிகள், தச்சர், கொல்லர், குயவர், பொற்கொல்லர் ஆகியோரோடு தோல் தைக்கும் துன்னரும் நிற்கிறார்கள். துன்னுதல் என்றால் தைத்தல். அந்த வரிசையில் துன்னருக்கு இழிவுச்சொல் எதுவும் சேர்க்கப்படவில்லை. நகரத்துக்கு வேண்டியவர்களில் அவரும் ஒருவர், அவ்வளவுதான். இளங்கோவடிகள் சமணத் துறவி என்பது அறிஞர் பலர் கருத்து. சேர நாட்டவர் என்பதால் நம் கேரள மண்ணுக்கும் உரியவர். கொல்லாமையை உயிர்மூச்சாகக் கொண்ட ஒரு துறவி தோல் தைப்பவரைப் பட்டியலில் விடாமல் எழுதியிருக்கிறார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்புவோம்.

பெரும்பாணாற்றுப்படையில் வழிச்செல்லும் வணிகர் காலில் போட்டிருப்பதற்கு, அடியை மூடும் அரண் என்று பொருள்படும் பெயர் வருகிறது. காலணியைக் கோட்டையாகப் பார்த்த பார்வை அது. வணிகனாகிய எனக்கு அந்தப் பெயர் மிகவும் பிடிக்கும்.

கடல்வழி வந்த குதிரையும் சொற்களும்

தமிழகமும் கேரளமும் குதிரை வளரும் நிலங்கள் அல்ல. நல்ல குதிரைகள் கடல் கடந்து வந்தன. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய பொருள்களில் குதிரையை முதலில் சொல்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். மலைமண்டலம் என்றால் கேரளம். அதாவது மேற்குக் கரையில் இறங்கிய குதிரைகளை மலை தாண்டிக் கொண்டுபோய் சோழநாட்டில் விற்ற வணிகர்கள்.

பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப், 13ஆம் நூற்றாண்டில் மஃபர் எனப்பட்ட தமிழ்க் கடற்கரைக்கும் காம்பே முதலிய துறைகளுக்கும் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் போயின என்றும் ஒரு குதிரைக்குச் சராசரி 220 தினார் விலை என்றும் எழுதுகிறார். 1290களில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, குதிரைகளைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் அவை சீக்கிரம் செத்துப்போகின்றன என்றும், விற்கிற வணிகர்கள் அப்படிப்பட்டவர்களை இங்கே வரவிடுவதில்லை என்றும் சொல்கிறார். ஆள் வந்துவிட்டால் குதிரை பிழைத்துவிடும். குதிரை பிழைத்தால் அடுத்த வருஷம் வியாபாரம் குறையும். வியாபாரியின் மூளை எல்லாக் காலத்திலும் ஒன்றுதான்!

நான் கணக்குப் போடுகிறவன். ஒரு குதிரைக்குச் சேணம், வயிற்றுவார், மார்புவார், தலைவார், கடிவாள வார், அங்கவடி வார் இரண்டு என்று குறைத்து வைத்தாலும் ஏழு உறுப்புகள் தோலால் ஆனவை. பத்தாயிரம் குதிரையில் பாதி இந்தப் பக்கம் வந்தது என்று வைத்துக்கொண்டாலும் 35,000 தோல் உறுப்புகள். கப்பலில் வரும்போதே வாரோடு வந்தவை இருக்கலாம். நம் ஊர் மழையிலும் குதிரையின் வியர்வையிலும் அவை எத்தனை காலம் தாங்கும்? பழுது பார்க்கவும் புதிதாகச் செய்யவும் உள்ளூர்க் கைகள் வேண்டும். குதிரை விற்றவனின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. விலை பாரசீக நூலில் இருக்கிறது. வார் தைத்தவனின் பெயரை அந்த நூல்கள் சொல்லவில்லை.

ஆனால் சொற்கள் சாட்சி சொல்கின்றன. சேணத்துக்குத் தமிழில் கலனை, பல்லணம் என்று பழம்பெயர்கள் உண்டு. சேணத்தில் தொங்கும் கால்மிதி அங்கவடி. பாரசீகச் சொல்லான ‘ஜீன்’ என்பதும் வந்து சேர்ந்தது. மலையாளத்தில் இன்றும் குதிரைச் சேணம் ‘ஜீனி’தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் ‘சீனி’ என்ற சொல்லுக்குச் சர்க்கரையோடு சேணம் என்ற பொருளையும் தனியே தருகிறது. சர்க்கரைச் சீனி சீன நாட்டின் பெயரால் வந்தது, சேணச் சீனி பாரசீகத்திலிருந்து வந்தது. எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

இன்னொன்றும் கவனியுங்கள். மேடையில் பேசுகிறவர்கள் ‘சேணம் கட்டிய குதிரை மாதிரி ஒரே திசையில் போகிறான்’ என்கிறார்கள். சேணம் முதுகில் இருப்பது, கண்ணை மறைக்காது. கண்ணை மறைப்பது கண்பட்டை. ஜட்கா தெருவில் ஓடிய காலத்தில் இந்தக் குழப்பம் வந்திருக்காது. பொருள் கண்ணைவிட்டுப் போனால் சொல் இடம் மாறி உட்கார்ந்துகொள்கிறது.

கல், மண், மரம் நின்றன, தோல் போயிற்று

சேணம் தைத்தவரைத் தேட இன்னொரு வழி சிற்பம். சாஞ்சி முதலிய இடங்களின் பழைய சிற்பங்களில், ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே, குதிரைவீரன் கால் பெருவிரலை மட்டும் நுழைக்கும் வளையம் காணப்படுகிறது. செருப்பில்லாத காலுக்கு ஏற்ற அங்கவடி அது. உலகத்தில் அங்கவடியின் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்று இந்தியாவில் இருப்பதை அறிஞர்கள் குறிப்பிடுகிறார்கள்.

ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரைகளைப் பார்க்காதவர் குறைவு. அடுத்த முறை போகும்போது வீரனை விட்டுவிட்டுக் குதிரை உடம்பின் மேல் ஓடும் வார்களை மட்டும் பாருங்கள். எந்த வார் எங்கே தொடங்குகிறது, எந்த வளையத்தில் சேர்கிறது, மார்புவார் எதைப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். சிற்பி அதைக் கற்பனையில் செய்திருக்க முடியாது. அவருக்கு முன்னால் ஒரு நிஜக் குதிரையும் அதன் மேல் ஒரு தோல்தொழிலாளியின் வேலையும் இருந்திருக்க வேண்டும். கிராமத்து ஐயனார் கோயில் மண்குதிரையிலும் அப்படித்தான். வேளார் கழுத்து மணியையும் வாரையும் களிமண்ணில் ஒட்டிவைக்கிறார்.

ஆக, தோல்தொழிலாளியின் வேலையைக் கல்தச்சர் கல்லிலும் குயவர் மண்ணிலும் படி எடுத்து வைத்திருக்கிறார்கள். மூலம் மக்கிப்போயிற்று, படி நிற்கிறது. இந்த ஈரக் காற்றில் மழைக்காலம் நான்கு கழிந்தால் பீரோவில் வைத்த பெல்ட்டே பூஞ்சை பிடித்துப்போகிறது. முன்னூறு வருஷத்துச் சேணம் எங்கே கிடைக்கும்?

சேணம் எப்படி உருவாகிறது

சேணத்தின் உயிர் தோலில் இல்லை, உள்ளே இருக்கும் மரச்சட்டத்தில் இருக்கிறது. ஆள் பாரம் குதிரையின் முதுகெலும்பில் நேராக விழக்கூடாது. எலும்பின் இரு பக்கத்துச் சதையில் பரவ வேண்டும். அதற்காகத்தான் சட்டம் நடுவில் வளைந்து இடைவெளி விட்டிருக்கும். அதன்மேல் நாடாக்கள் இழுத்துக் கட்டி, கம்பளியோ மயிரோ அடைத்து, மேலே தோல் போர்த்துவார்கள். சட்டம் தவறினால் எவ்வளவு அழகான தோலும் குதிரை முதுகைப் புண்ணாக்கும். பேச முடியாத ஒரு பிராணியின் முதுகுக்கு அளவெடுக்கும் வேலை இது.

கருவிகளில் முதலாவது பிறைக்கத்தி. அரைவட்ட வடிவில் இருக்கும். எகிப்தில் ஏறத்தாழ 3,400 வருஷத்துக்கு முந்திய ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறை ஓவியத்தில் தோல்தொழிலாளர் கையில் இதே கத்தி இருக்கிறது. அன்றிலிருந்து வடிவம் பெரிதாக மாறவில்லை. அடுத்தது பல்லுளி, சீப்புப் போலப் பல் வைத்தது. தையல் விழ வேண்டிய இடங்களைச் சம இடைவெளியில் அடையாளம் போட இது. நல்ல வார்வேலையில் அங்குலத்துக்கு 8, 10 தையல் வரும். பிறகு முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்ளும் மரப்பிடி. தோலை அது பிடித்துக்கொள்வதால் இரண்டு கையும் ஓயாமல் வேலை செய்யலாம்.

சேணத் தையலின் இரகசியம் இரட்டை ஊசி. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இந்தப் பக்கமிருந்து ஒன்றும் அந்தப் பக்கமிருந்து ஒன்றும் நுழைத்து இழுப்பார்கள். ஓர் இடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற பக்கத்து நூல் பிடித்துக்கொள்ளும். தையல் இயந்திரத்தின் தையல் அப்படியில்லை. மேல் நூலும் கீழ் நூலும் தோலின் நடுவே ஒன்றை ஒன்று கொக்கிபோல் பிடித்திருக்கும். ஒன்று அறுந்தால் அடுத்தடுத்துத் தளர்ந்துவிடும். பாய்ந்து ஓடும் குதிரையில் வயிற்றுவார் பிரிந்தால் ஆள் உயிருக்கு ஆபத்து. அதனால்தான் உயர்ந்த சேணங்களில் பாரம் தாங்கும் இடங்களை இன்றும் கையால் தைக்கிறார்கள்.

இயந்திரத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. செருப்புக் கடைகளில் பழைய சிங்கர் ஒட்டுத்தையல் இயந்திரம் பார்த்திருப்பீர்கள். நீண்டு மெலிந்த கை போன்ற அதன் பகுதி பூட்ஸ் உள்ளே நுழையும். துணியை அழுத்தும் கால் எந்தப் பக்கமும் திரும்பும். தோலைத் திருப்பாமலே தையல் திரும்பும். ஒரு மனிதக் கையின் வளைவைப் பார்த்துச் செய்த இயந்திரம் அது.

ஆவாரம்பட்டையிலிருந்து குரோம்பேட்டை வரை

கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும் தோல் பதமாக இல்லாவிட்டால் பயனில்லை. பச்சைத் தோல் ஈரத்தில் அழுகும், காய்ந்தால் விறைக்கும். மரப்பட்டையிலும் காயிலும் உள்ள துவர்ப்புப் பொருள் தோலின் நாரோடு சேர்ந்துகொண்டால் அழுகல் நிற்கிறது. வட இந்தியாவில் வேலம்பட்டை, தென்னாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்பது நம் பழமொழி. உயிரைக் காக்கும் என்று போற்றிய செடியே உயிர் போன தோலையும் காத்தது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல், திருச்சி வட்டாரங்களில் இப்படிப் பதனிட்ட தோல் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் இங்கிலாந்து போயிற்று. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்தோலுக்கு அதை அரசாங்கமே மொத்தமாக எடுத்துக்கொண்டது. சேணமும் குதிரைப்படைச் சாமானும் செய்யும் பெரிய அரசுத் தொழிற்சாலை 1860களில் கான்பூரில் வளர்ந்தது. அதாவது தென்னாடு பதனிட்ட தோலை அனுப்பியது. உருக்கொடுக்கும் பெரிய ஆலைகள் வேறு இடங்களில் இருந்தன. இன்றும் சேணத்துக்குப் பேர்போன இந்திய ஊர் கான்பூர்தான்.

குரோம் உப்பால் பதனிடும் முறை அமெரிக்காவில் 1884க்குப் பிறகு பரவியது. பட்டை வாரக்கணக்கில் செய்வதைக் குரோம் ஓரிரு நாளில் முடிக்கும். சென்னைக்கு அதைக் கொண்டுவந்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். சென்னைக் கலைத்தொழில் பள்ளியின் தலைவராக இருந்தவர், 1903 வாக்கில் சோதனைகளைத் தொடங்கினார். அவர் மனத்தில் இருந்த பயன்களில் ஒன்று கமலை. கிணற்றில் மாடு பூட்டி நீர் இறைக்கும்போது சாலோடு சேர்ந்த தோல், தண்ணீரிலேயே கிடந்து கெடும். குரோம் தோல் தண்ணீரில் அதிக நாள் தாங்கும் என்று அவர் கண்டார். நம் தாத்தாமார் பயிர் விளைந்ததே ஒரு தோல்தொழிலாளியின் தையல் பிரியாமல் இருந்ததால்தான் என்பதை நாம் மறந்துவிட்டோம்.

1912 வாக்கில் பல்லாவரத்தை அடுத்து சேம்பர்ஸ் என்பவர் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயர் வந்தது. சென்னையில் உறவுக்காரர் உள்ள குடும்பங்கள் அந்தப் பெயரை நாள்தோறும் சொல்கின்றன. அது ஒரு தோல் பதனிடும் உப்பின் பெயர் என்று எண்ணிப்பார்ப்பவர் எத்தனை பேர்? 1948இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. அதன் இயக்குநராக இருந்த நாயுடம்மா உலகப் புகழ் பெற்றவர். 1985இல் கனிஷ்கா விமானக் குண்டுவெடிப்பில் இறந்தார். வேகத்துக்கு ஒரு விலையும் இருந்தது. பாலாற்றங்கரையில் கழிவுநீர் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது. வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்துக்கே அது முன்னோடித் தீர்ப்பு.

ஆனால் சேணத்துக்கு இன்றும் பட்டைத் தோல்தான் உகந்தது. நனைத்துச் சட்டத்தின் மேல் இழுத்துக் காயவிட்டால் அந்த வடிவிலேயே நிற்கும். குரோம் தோல் மென்மை, இழுத்தால் நீளும்.

நோன்பு வேறு, இழிவு வேறு

இப்போது இளங்கோவடிகளிடம் திரும்புகிறேன். ‘நயினார், நீங்கள் தோலைத் தொடாதவர், உங்களுக்கு ஏன் இந்த ஆராய்ச்சி?’ என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

சமண இல்லறத்தார் விலக்க வேண்டிய வாணிகங்களில் தந்தம், கொம்பு, தோல் முதலியவை உண்டு. தேனும் விலக்கு, அதனால் தையல்நூலுக்குத் தேய்க்கும் தேன்மெழுகைக்கூட நான் கடையில் வைத்ததில்லை. இது நான் எனக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. ஒரு உயிர் வதைபடுவதில் என் பங்கு குறையட்டும் என்ற எண்ணம். இதில் இன்னொரு மனிதரைத் தாழ்த்த இடமே இல்லை. தோல் தொழிலாளியைத் தெருக்கோடியில் வைத்த வழக்கத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். அவர் தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு, அவர் தைத்த தோலில் இறைத்த நீரில் விளைந்ததைச் சாப்பிட்டு, அவர் போர்த்திய மிருதங்கத்தைச் சபையில் கேட்டுவிட்டு, அவரைத் தொட்டால் தீட்டு என்றார்கள். உயிரின் மேல் இரக்கம் இருந்திருந்தால் முதலில் அந்தச் செருப்பையல்லவா கழற்றியிருக்க வேண்டும்? பொருள் வேண்டும், ஆள் வேண்டாம் என்பதற்கு அகிம்சை என்று பெயர் வைக்க முடியாது.

இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு தென்னாப்பிரிக்காவில் கிடைக்கிறது. 1910இல் காந்தியடிகள் ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். அங்கே தங்கிய சத்தியாக்கிரகிகளில் தமிழர் குடும்பங்கள் பல. நண்பர் காலன்பாக் ஒரு கிறித்தவத் துறவியர் மடத்தில் செருப்புத் தைக்கக் கற்றுவந்து காந்திக்கும் கற்றுக்கொடுத்தார். தாம் தைத்த ஒரு ஜோடியைக் காந்தி 1914இல் தம்மைச் சிறையில் வைத்த ஜெனரல் ஸ்மட்ஸுக்குக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். ஸ்மட்ஸ் பல கோடைக்காலம் அதை அணிந்தார். காந்தியின் எழுபதாம் ஆண்டான 1939இல் மரியாதையோடு திருப்பி அனுப்பினார். அகிம்சையில் காந்திக்கு வழிகாட்டியவர்களில் முக்கியமானவர் ராய்சந்த்பாய் என்ற சமணர். கொல்லாமையை அவரிடம் கேட்டவர் குத்தூசியைக் கையில் எடுத்தார். இறந்த மாட்டின் தோலையே பயன்படுத்த வேண்டும் என்று பிற்காலத்தில் வற்புறுத்தினார். விலக்க வேண்டியது கொலையை, தொழிலாளியை அல்ல என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

நம் நாட்டிலும் பெயர்கள் மெல்ல மேலே வருகின்றன. நெற்கட்டும்செவல் பூலித்தேவரின் படைத்தலைவராகப் போற்றப்படும் ஒண்டிவீரன் அருந்ததியர் குலத்தவர். எதிரி முகாமில் புல்லுக்குள் மறைந்திருந்தபோது குதிரை கட்டும் முளை அவர் கையில் இறங்கியது, சத்தம் போடாமல் கையையே வெட்டிக்கொண்டார் என்று வாய்மொழிக் கதை சொல்கிறது. பாளையங்கோட்டையில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. 2022இல் அஞ்சல்தலையும் வெளிவந்தது. அருந்ததியருக்கு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2009இல் தமிழ்நாட்டில் வந்தது. அது செல்லும் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் ஊசியை வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போகட்டும். அது அவர்கள் உரிமை. ஆனால் அவர்கள் தாத்தாவின் கைத்திறன் எழுதப்படாமலே போகக்கூடாது.

செய்ய வேண்டியது

இந்த நகரத்தில் நடைபாதையிலும் கடைவாசலிலும் செருப்புத் தைக்கும் முதியவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் நம்மைப் போல ஊர்விட்டு வந்த தமிழர்கள்தான். நம் சங்க விழாக்களுக்கு அவர்களை அழைக்கிறோமா என்று நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மலையாளமும் தமிழும் அறிந்த நம் இளைஞர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த முறை செருப்பு அறுந்தால், தைத்து முடிக்கும்வரை செல்போனைப் பார்க்காமல் பக்கத்தில் உட்காருங்கள். பெரியவர் கையில் இருக்கும் ஒவ்வொரு கருவியையும் காட்டி, ‘இதுக்கு உங்க ஊர்ல என்ன பேர் ஐயா?’ என்று கேளுங்கள். அவர் பெயரையும் ஊரையும் கேட்டு, சம்மதித்தால் சேர்த்து எழுதுங்கள். லெக்சிகனில் இல்லாத சொற்கள் நிச்சயம் சில அகப்படும். பத்துப் பேர் பத்துப் பக்கம் எழுதினால் அடுத்த மலருக்கு ஒரு சிறு சொற்பட்டியல் தேறும். என் கடைக் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் நாற்பது வருஷமாகக் குறித்துவைத்த சொற்களை அதற்கு முதல் பங்காகத் தருகிறேன்.